பாப்பாவின் கிண்ணத்தில் உப்பு

மகனே,

கோபம் வந்தால் வரட்டும், இந்தக் கடிதத்தைக் கிழிப்பதற்கு முன் கடைசி வரி வரைக்கும் படித்துவிடு. நேரில் வந்தே சொல்லியிருப்பேன். ஆனால் நேரில் பேசினால் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்பது சொல்வேன், கடைசியில் எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம் என்பதே இரண்டு பேருக்கும் மறந்துபோகும். நம் வீட்டு ஆண்களின் லட்சணம் அது. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் குரலை உயர்த்த முடியாது. படித்து முடித்த பிறகு உன் கிடங்கில் வேலை செய்கிற மற்றவர்களுக்கும் வேண்டுமானால் படித்துக் காட்டு. அவர்கள் வீட்டிலும் கைக்குழந்தைகள் இருக்கின்றன, அவர்களும் நாள் முழுக்க உப்பு மூட்டைக்கு நடுவில்தான் நிற்கிறார்கள்.

நேற்று எண்ணூரிலிருந்து புறப்பட்டு, காலடிப்பேட்டையில் கன்னியம்மாவையும் பேத்தியையும் பார்த்துவிட்டு வந்தேன். உன் பெண்சாதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறாள். நீ ராயபுரத்தில் தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு, அவளாக வந்தால் வரட்டும், நான் போய்க் கூப்பிட மாட்டேன் என்று கல்மண்டபம் வட்டாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாயாம். எட்டு மாதக் குழந்தை அப்பன் முகத்தை மறந்துபோகிற அளவுக்கு அப்படி என்ன சண்டை என்று கேட்டால், ஒரு சிட்டிகை உப்பு. கேட்கிறவன் சிரிப்பான். நான் சிரிக்கவில்லை. இந்தச் சண்டை நம் வீட்டுக்குப் புதிது இல்லை. உன் அம்மா இருந்திருந்தால் அவளே உனக்குச் சொல்லியிருப்பாள், அதுவும் என்னைவிடச் சுருக்கமாக. அவள் போன பிறகு இதைச் சொல்ல நான் ஒருவன்தான் பாக்கி.

போன மாதம் ஒரு நாள் நான் உன் வீட்டில் இருந்தபோது நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். கன்னியம்மா சர்க்கரைவள்ளிக்கிழங்கை இட்லிப் பானையில் ஆவி காட்டி வேகவைத்து, தோலை உரித்து, நாரை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மல் துணியில் வைத்துப் பிழிந்து மை மாதிரி இறக்கினாள். அதில் கொஞ்சம் ஆறின வெந்நீர் விட்டுக் குழைத்தாள். நீ கிடங்கிலிருந்து வந்த கையோடு, முகம்கூடக் கழுவாமல், விரலால் தொட்டு நாக்கில் வைத்தாய். "சப்புனு கீது. இத்தத் துன்னா கொயந்த எப்டி தேறும்?" என்றாய். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பழமொழி வேறு. அவள் கிண்ணத்தை நகர்த்தி வைத்துக்கொண்டாள். அதற்கு நீ, என் குழந்தையைப் பட்டினி போட்டுக் கொல்லப் பார்க்கிறாயா என்று கேட்டாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தேன். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். புருஷன் பெண்சாதி நடுவில் கிழவன் எதற்கு என்று சும்மா இருந்துவிட்டேன்.

இப்போது கேள். நீ பிறந்து ஆறு மாதம் ஆனபோது உன் அம்மாவுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குழந்தையைக் கூட வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவளுடைய அம்மா துணைக்கு அங்கேயே தங்கிவிட்டாள். என்னைப் பெற்றவள் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் அப்போது எண்ணூர் உப்பளத்தில் மேஸ்திரி. வெயில் காலம் என்றால் அளத்தில் ஆணும் பெண்ணும் உப்புப் பாத்தியில்தான் கிடப்பார்கள், பக்கத்து வீட்டில் விடலாம் என்றால் எந்த வீட்டிலும் ஆள் இருக்காது. ஆகவே, தாய்ப்பாலைத் தவிர ஒன்றும் அறியாத உன்னை, சோறு வடிக்கக்கூடத் தெரியாத என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள் உன் அம்மா. வண்டியில் ஏற்றும்போது காய்ச்சல் வேகத்திலும் அவள் சொன்னது ஒன்றுதான்: எது கொடுத்தாலும் முதலில் நீ ருசி பார்த்துவிட்டுக் கொடு. நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். வந்த வினையே அதில்தான்.

பசும்பால் ஒரு வேளை கிடைக்கும், சில நாள் அதுவும் கிடைக்காது. அரிசிக் கஞ்சியைக் குடித்துக் கக்கினாய். அளத்துக்குக் காய்கறி கொண்டுவருகிற கிழவி ஒருத்தி, பரங்கிக்காயை வேகவைத்துக் கரைத்துக் கொடு, பிள்ளை பிடித்துக்கொள்ளும் என்றாள். கொடுத்தேன், பிடித்துக்கொண்டாய். எனக்கு வந்த பெருமையை என்ன சொல்ல. ஆனால் முதல் தடவை மட்டும் அம்மியில் வைத்து நசுக்கிவிட்டேன். காலையில் ஆட்கள் கருவாட்டுக் குழம்புக்கு மிளகாய் அரைத்த அம்மி அது. கழுவினேன்தான், ஆனால் கல்லில் ஏறின காரம் கழுவினால் போகுமா? நீ கத்தின கத்தலில் பாத்தியில் நின்ற ஆட்கள் எல்லாம் ஓடிவந்துவிட்டார்கள். அன்று முதல் உனக்கென்று ஒரு கல்சட்டியும் ஒரு மர மத்தும் வைத்துக்கொண்டேன். வேறு யாரும் அதைத் தொட விடமாட்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தொழில் பிடிபட்டது. பரங்கிக்காயின் நடுவில் இருக்கிற நாரையும் விதையையும் வழித்துவிட வேண்டும். மலைவாழைப்பழம் நல்லது, நடுவில் ஓடுகிற கறுப்பு விதைக்கோட்டை எடுத்துவிட வேண்டும், சளி பிடித்திருந்தால் பழத்தைத் தோலோடு ஆவியில் காட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும். பூவம்பழம் வேண்டாம், புளிப்பு. பப்பாளி நன்றாகக் கனிந்ததாக இருந்தால் வேகவைக்கவே வேண்டாம், கரண்டியால் வழித்தால் போதும். நுங்கு வாங்கினால் மேல் தோலைப் பொறுமையாக உரிக்க வேண்டும், பொறுமை இல்லாதவன் நுங்கு வாங்கக் கூடாது. புதிதாக ஒரு காயைக் கொடுத்தால் நாலு நாள் அதையே கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த காய்க்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் வயிறு கெட்டால் எதனால் கெட்டது என்று தெரியாது. அளத்து ஓரத்தில் ஓலைக் கொட்டகையில் ஏணை கட்டி உன்னைப் போட்டுவிட்டு, மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்து, பாலாடையில் ஊற்றி ஊட்டுவேன். மேஸ்திரி இன்றைக்கு என்ன சமையல் என்று ஆட்கள் கேலி பண்ணுவார்கள். பண்ணட்டும் என்று இருப்பேன். உன் அம்மா சொன்னபடி ஒவ்வொரு தடவையும் நான் ஒரு விரல் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உனக்குக் கொடுப்பேன். காரம் இல்லை, புளிப்பு இல்லை, சூடு இல்லை, உப்பு ஒரு கல்கூட நான் போடவில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. சாதாரணமாக நமக்குக் குடிதண்ணீர் சவுக்குத் தோப்பு மணலில் தோண்டின ஊற்றிலிருந்து வரும். அது வறண்டுபோய், ஊரே கிணற்றுத் தண்ணீரை நம்பி இருந்தது. நம் ஊர்க் கிணற்றைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டில் சோற்றுக்கு யாரும் உப்புப் போடுவதில்லை, கிணறே போட்டுவிடும். எங்களுக்கு அது உப்பாகவே தெரியாது. நாள் பூராவும் உப்புக் காற்றைக் குடித்து, உதட்டில் உப்புப் படிந்து, வேர்வையும் உப்பாக வாயில் வடிகிறவனுக்குக் கிணற்றுத் தண்ணீர் இளநீர்தான். அந்தத் தண்ணீரில்தான் உன் பரங்கிக்காய் வெந்தது. அதில்தான் கஞ்சி காய்ச்சினேன், பாலுக்குக் கலந்தேன். தாகத்துக்குப் பாலாடையில் கொடுத்ததும் அதேதான்.

முதலில் நன்றாகத்தான் இருந்தாய். பிறகு அழ ஆரம்பித்தாய். பசி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊட்டினேன். ஊட்ட ஊட்ட அழுதாய். உதடு காய்ந்து வெடித்தது. வயிறு இளகிப் போனது. சீர் தட்டியிருக்கிறது என்றாள் ஒருத்தி, உரம் விழுந்திருக்கிறது என்று புடவையில் போட்டு உருட்டி எடுத்தாள் இன்னொருத்தி. கண்பட்டுவிட்டது என்று ஆட்கள் திருஷ்டி சுற்றினார்கள், சுற்றிப் போட்டதும் உப்புதான். நான் இன்னும் அக்கறையாக, இன்னும் மையாக மசித்து, இன்னும் நீர்க்கக் கரைத்து ஊட்டினேன். நீர்க்கக் கரைத்தால் நல்லது என்று யாரோ சொன்னார்கள். எந்தத் தண்ணீரில் கரைக்கிறேன் என்று யாருக்குத் தோன்றும்? ஊரில் எல்லோருக்கும் ஒரே நாக்கு.

உன் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு நீ அழவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அழுகை குறைந்துவிட்டது. குழந்தை தேறிவிட்டது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள், தலைமயிரெல்லாம் கொட்டிப்போய், பாதி ஆளாக. உன்னை வாங்கி மடியில் போட்டு, உச்சிக்குழியில் கையை வைத்துப் பார்த்தாள். அது பள்ளமாக இருந்தது. உடம்பில் நீர் வற்றின குழந்தைக்குத்தான் அப்படி அமுங்கும். நான் பெருமையோடு கல்சட்டியை அவள் முன்னால் வைத்தேன், நான் ஊட்டுகிறதைப் பார் என்று. அவள் ஒரு விரலால் தொட்டு வாயில் வைத்தாள். உடனே திரும்பி மண்ணில் துப்பினாள்.

"இன்னாயா இத்தப் போயி கொயந்தைக்கு ஊட்டிக்கினு கீற? கரிக்குதுயா."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அத்தனை நாள் அடுப்பு ஊதி, துணி அலசி, ஊர்ச் சிரிப்பையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு வளர்த்தவன் நான். நீ படுத்துக் கிடந்துவிட்டு வந்து ருசி சொல்கிறாயா என்று கேட்டேன். ஒரு கல் உப்புப் போட்டிருந்தால் என் கை அழுகட்டும் என்று கத்தினேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பானே, அப்படி நின்றேன். அவள் காய்ச்சலில் நாக்குச் செத்துப்போய் வந்திருக்கிறாள், கசப்பும் கரிப்பும் அவள் வாயில்தான் இருக்கிறது என்று நிஜமாகவே நம்பினேன். நான் நல்லவனாகத்தான் இருந்தேன், அதுதான் கஷ்டம். கெட்ட எண்ணம் இருந்தால் மனசு எங்கேயாவது உறுத்தும். எனக்கு உறுத்தவே இல்லை.

அவளுக்குப் பதிலுக்குக் கத்தத் தெம்பு இல்லை. இருந்திருந்தாலும் கத்தியிருக்க மாட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. நான் கத்தி ஓய்ந்த பிறகு சொன்னாள்.

"உன் மேல எனக்குக் கோவம் இல்லயா. அது அளத்து நாக்கு. போறப்போ நானும் அந்த நாக்கோடதான் போனேன். அங்க கொயாத் தண்ணி குடிச்சுக் குடிச்சு எனக்கு அது பூட்ச்சு. உனக்கு இன்னும் போவல."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவள் சொன்னது பொய் என்று காட்டுவதற்காகத்தான் மறுநாள் முதல் ரயிலில் ராயபுரம் போனேன், அவள் சொன்னது மெய்யாக இருக்கும் என்று நினைத்து அல்ல. தெருக்குழாயில் ஒரு குடம் பிடித்து, வாயைத் துணியால் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் திரும்பினேன். எண்ணூர்க்காரன் பட்டணத்திலிருந்து தண்ணீர் சுமந்துகொண்டு வருகிறான் என்று வண்டியில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். வந்து, ஒரே பரங்கிக்காயை இரண்டாக வகுத்து, ஒரு பாதியைக் கிணற்றுத் தண்ணீரிலும் ஒரு பாதியைக் குழாய்த் தண்ணீரிலும் வேகவைத்துக் கரைத்தேன். ஆட்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தேன். ஒருவன் விடாமல் எல்லோரும் சொன்னது, முதல் கிண்ணம் சரியாக இருக்கிறது, இரண்டாவது சப்பென்று இருக்கிறது என்றுதான். நான் ஜெயித்துவிட்டேன். உன் அம்மா பக்கம் திரும்பி, கேட்டாயா என்றேன்.

அவள் ஆட்களைப் பார்க்கவே இல்லை. குழாய்த் தண்ணீரில் கரைத்த கிண்ணத்தை எடுத்து, பாலாடையில் ஊற்றி உன் வாயில் வைத்தாள். நீ முந்தின நாளிலிருந்து எதையும் விழுங்காமல் வழியவிட்டுக்கொண்டிருந்தவன், அதை விழுங்கினாய். இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டு, பாலாடையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாய். பிறகு அவள் மற்றக் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் வைத்தாள். உன் முகம் கோணியது. நாக்கால் வெளியே தள்ளினாய். அவள் திரும்பவும் குழாய்த் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போனாள், நீ திரும்பவும் விழுங்கினாய். அங்கே நின்றிருந்த ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகப் பாத்திக்குப் போய்விட்டார்கள். அத்தனை பேர் நாக்கும் ஒரு பக்கம், ஏழு மாதம் நிரம்பாத உன் நாக்கு ஒரு பக்கம். உன் நாக்கு அளத்து வேலைக்கு இன்னும் வரவில்லை. அது சொன்னதுதான் சரி. கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன்.

அன்றிலிருந்து மழை வருகிற வரைக்கும் உனக்கு ராயபுரத்துத் தண்ணீர்தான். தினம் ரயில் ஏற முடியாது, பட்டணத்துக்குப் போய்வருகிற மீன்காரப் பெண்கள் திரும்பி வரும்போது காலிக் கூடையில் ஒரு சொம்பு வைத்துக்கொண்டு வந்து கொடுப்பார்கள். மீன் வாடை அடிக்கும். நீ அதைக் கண்டுகொள்ளவில்லை. உச்சிக்குழி சமமாகி, உதடு ஆறி, நீ மறுபடியும் வாய்விட்டு அழுத அன்றைக்கு உன் அம்மா ஊர் முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். அழுததற்குச் சர்க்கரை கொடுத்த வீடு நம் வீடு.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்று உனக்கு விளங்கியிருக்கும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், தன் நாக்கும் தெரியாது. நீ ராயபுரத்தில் குழாய்த் தண்ணீர் குடிக்கிறாய், உண்மைதான். ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் உப்புக் கிடங்கில் மூட்டை எடை போடுகிறாய். தூசி உன் புருவத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதை நானே பார்த்தேன். அந்த உதட்டை நக்கிக்கொண்டு வந்து கிழங்கை வாயில் வைத்தால் அது சப்பென்று இல்லாமல் எப்படி இருக்கும்? கன்னியம்மா செய்கிற கிழங்கில் ஒரு குறையும் இல்லை. நான் பார்த்தவரையில் நான் செய்ததைவிட நன்றாகவே செய்கிறாள். குழந்தைக்குக் கிழங்கே இனிப்பு, பரங்கிக்காயே ருசி. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்றவன் பல் முளைத்தவனுக்குச் சொன்னான். ஒரு வயசு தாண்டட்டும், நம்மோடு உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பே சாப்பிடட்டும், யார் வேண்டாம் என்றது?

குழந்தை மரகதம் இளைத்துவிட்டாள், அதனால்தான் பயந்தேன் என்பாய். அந்தப் பயம் நியாயம்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குழந்தை கிண்ணத்தைத் தள்ளியது ருசி இல்லாமல் அல்ல. நேற்று என் மடியில் இருந்தபோது என் விரலைக் கடித்தாள். கீழ் ஈறில் இரண்டு வெள்ளைப் புள்ளி எட்டிப் பார்க்கிறது. ஈறு தினவெடுக்கிற குழந்தை எதைக் கொடுத்தாலும் நாலு நாள் தள்ளத்தான் செய்யும். குளிர்ந்த பப்பாளித் துண்டை மல் துணியில் முடிந்து கையில் கொடுத்தால் சப்பிக்கொண்டிருப்பாள். கன்னியம்மா அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அவள் வீட்டைவிட்டுப் போனது நீ அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்காக என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். வார்த்தைக்காக இல்லையாம். அவள் அடுப்புப் பக்கம் போகிற நேரமாகப் பார்த்து, நீ அவளுக்குத் தெரியாமல் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை போட்டிருக்கிறாய். ஒரு நாள் இல்லை, பல நாள். குழந்தை தண்ணீர் தண்ணீராகக் குடிப்பதைப் பார்த்து, காரணம் தெரியாமல் அவள் கிழங்கை நிறுத்தினாள், பிறகு பரங்கிக்காயை நிறுத்தினாள், பிறகு வாழைப்பழம் மட்டும் கொடுத்தாள். தன் கையில்தான் ஏதோ தப்பு என்று அழுதிருக்கிறாள். அப்புறம் ஒரு நாள் உன் கை உப்பு ஜாடியில் இருந்ததைப் பார்த்தாள். நான் உன் அம்மாவிடம் கத்தினேன், ஆனால் என் கல்சட்டியில் இருந்தது என்ன என்று எனக்கே தெரியாது. உனக்குத் தெரிந்திருந்தது. இந்த ஒரு இடத்தில் நீ என்னைவிட மோசம். அப்பனாக இருந்தும் இதைச் சொல்லாமல் விட முடியாது.

நான் அவளைச் சமாதானம் பண்ணிக் கூட்டிக்கொண்டு வரலாம் என்றுதான் போனேன். உன் சார்பில் நானே மன்னிப்புக் கேட்டேன். அதை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. நான் கேட்டு என்ன பிரயோசனம் என்று அவள் நினைத்தது நியாயம்தான். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவரே மசிக்கட்டும், அவரே ஊட்டட்டும் மாமா, நான் வாணாம்னு சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாம கொயந்த கிண்ணத்துல எதையும் போட மாட்டேன்னு என் மூஞ்சியப் பாத்து ஒரு தபா சொல்லணும். அத்தச் சொன்னா அன்னிக்கே வந்துட்றேன். சொல்லலன்னா, கொயந்தைய இங்கயே வளத்துக்கிறேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கத்துகிற பெண்ணைச் சமாதானம் பண்ணிவிடலாம், இப்படிப் பேசுகிறவள் சொன்னதைச் செய்துவிடுவாள். உன் அம்மாவோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியதில் எனக்கு அது தெரியும். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை நீ காலடிப்பேட்டைக்குப் போகிறாய். குளித்துவிட்டு, வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டுப் போ. அவள் கேட்டதை வாசலில் நின்றே சொல்லிவிடு, உள்ளே போய்ச் சுற்றி வளைத்துப் பேசாதே. அதற்குப் பிறகு வீட்டில் ஒரே ஒரு ஏற்பாடு போதும்: மசிப்பது யாராக இருந்தாலும் ருசி பார்ப்பது அவள். அவளுக்கும் சந்தேகம் வந்தால் குழந்தையைக் கேளுங்கள்.

நேற்று நான் என் கொல்லையில் காய்த்த ஒரு பரங்கிக்காயைக் கொண்டுபோயிருந்தேன். கன்னியம்மா அதில் ஒரு கீற்றை நறுக்கி வேகவைத்து மசித்துக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். மரகதம் என் மடியில் உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்டாள். ஐந்தாவது வாய்க்கு வாயைத் திறக்காமல், கிண்ணத்துக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, என் வாயைத் தேடிப் பிடித்துத் திணித்தாள். திணித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னியம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பளத்திலேயே கிழவனாகிவிட்ட என் வாய்க்கு அதில் ஒன்றுமே தெரியவில்லை, வெந்த தண்ணீர் மாதிரி இருந்தது. நான் விழுங்கினேன். நன்றாக இருக்கிறது என்றேன். உடனே குழந்தை தன் வாயைத் திறந்தாள். கன்னியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை உன் வாயிலும் திணிப்பாள், மகனே. சப்பென்றுதான் இருக்கும். விழுங்கிவிட்டு இன்னொரு வாய் கேள்.

நீ போனாயா இல்லையா என்பதை மட்டும் எதிர்பார்த்து எண்ணூரில் உட்கார்ந்திருக்கிற,
உன் நைனா